தாவரக் கலம் ஆடுபலகையானால்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில், தாவரக் கலத்தின் உட்புறத்தையே ஆடுகளமாகக் கொண்ட 'செலுலோஸ்' என்னும் பலகை விளையாட்டைப் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். அமெரிக்காவின் ஜீனியஸ் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்டுள்ள அந்த விளையாட்டில், ஆடுபவர்கள் தத்தம் காய்களைக் கலத்தின் புன்னங்கங்களில் (தனித்தனி வேலை செய்யும் உள்ளுறுப்புகளில்) வைத்து, நீரையும் காபனீரொட்சைட்டையும் திரட்டி, ஒளித்தொகுப்பினால் அவற்றைக் காபோவைதரேற்றாக மாற்றி, கலச்சுவரைக் கட்டியெழுப்பிப் புள்ளி பெறுகின்றனர். அதே நிறுவனம் 2017இல் மனிதக் கலத்தை வைத்து 'சைட்டோசிஸ்' என்ற விளையாட்டையும் வெளியிட்டிருந்தது. அக்குறிப்பைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எமது பாடசாலை விஞ்ஞான மன்றத்தில் தரம் 10 மாணவர்களுக்காக இத்தகைய விளையாட்டொன்றை நாங்களே தயாரிக்க விரும்புகிறோம். வெளிநாட்டிலிருந்து தருவிக்க எம்மிடம் பணமில்லை. முதற்கட்டமாகப் பாம்பும் ஏணியும் பலகையில் புன்னங்கங்களின் பெயர்களை எழுதி, சரியான விடைக்கு ஏணியும் பிழையான விடைக்குப் பாம்பும் வைத்துப் பார்த்தோம். மாணவர்கள் மகிழ்ச்சியாக ஆடினார்கள். ஆனால் பாடம் ஏறியதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்? (ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி)

பதில்: உங்கள் பலகையிலுள்ள பெயர்களை அழித்துவிட்டு அவற்றுக்குப் பதிலாக இலங்கையின் ஆறுகளின் பெயர்களை எழுதினாலும் அதே விளையாட்டை அப்படியே ஆடலாம் அல்லவா? குறை அங்கேதான் இருக்கிறது. பெயர் மட்டும் உயிரியலாக இருந்து, காய் நகரும் விதி உயிரியலோடு தொடர்பற்றதாக இருந்தால், மாணவர் விதியைக் கற்பாரேயன்றிக் கலத்தைக் கற்கமாட்டார். நல்ல விளையாட்டில் விதியை மீறாமல் ஆடுவதே கலம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவதாக அமைய வேண்டும். ஆகவே வினாத்தாள் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, கலத்தின் வரவு செலவிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எந்தக் கலம் என்று தீர்மானியுங்கள். 'தாவரக் கலம்' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் ஒளித்தொகுப்பு நிகழும் புன்னங்கமான பச்சையவுருமணியை வேர்க்கலத்தில் வரைந்துவிடும் ஆபத்து உண்டு. இலையின் மேற்றோலுக்குக் கீழே நெருங்கி நிற்கும் வேலிக்காற் புடைக்கலங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. ஒளித்தொகுப்பின் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது.

அடுத்து ஐந்து பொருள்கள் போதும்: நீர், காபனீரொட்சைட்டு, குளுக்கோசு, ஒட்சிசன், கலத்துக்குச் சக்தி வழங்கும் மூலக்கூறான ஏ.ரீ.பி. ஒளித்தொகுப்பின் சமன்பாட்டில் ஆறு மூலக்கூறு நீரும் ஆறு மூலக்கூறு காபனீரொட்சைட்டும் சேர்ந்து ஒரு குளுக்கோசும் ஆறு ஒட்சிசனும் வருகின்றன. ஆறாறாக எண்ணிக்கொண்டிருந்தால் ஆட்டம் நகராது. எனவே நீர், காபனீரொட்சைட்டு, ஒட்சிசன் ஆகியவற்றில் ஆறு மூலக்கூறுகளைக் குறிக்க ஒரு மணி, குளுக்கோசில் ஒரு மூலக்கூறைக் குறிக்க ஒரு மணி என்று வைத்துக்கொண்டு, நீர்மணி ஒன்றும் காபனீரொட்சைட்டு மணி ஒன்றும் கொடுத்துக் குளுக்கோசு மணி ஒன்றையும் ஒட்சிசன் மணி ஒன்றையும் பெறலாம் என்று விதியுங்கள். விகிதம் மாறவில்லை. குளுக்கோசு மணியைச் சுவாசம் நிகழும் இழைமணிக்கு அனுப்பும்போது ஒட்சிசன் மணியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.ரீ.பி. கிடைக்கும் என்பதால், பத்துப் பத்தாக மூன்று ஏ.ரீ.பி. மணிகளைக் கொடுத்துவிடுங்கள். பழைய நூல்களில் 36 அல்லது 38 என்றிருக்கும். இன்றைய கணிப்பு 30 முதல் 32 வரை என்பதால் உங்கள் மூன்று மணிகள் உண்மைக்கு அருகிலேயே இருக்கும்.

இதற்கு மேல் நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டியது பகல், இரவு என்ற வேறுபாடாகும். பகற்சுற்றில் பச்சையவுருமணியிலும் இழைமணியிலும் காய் வைக்கலாம். இரவுச்சுற்றில் இழைமணியில் மட்டுமே வைக்கலாம். தாவரம் பகலில் ஒளித்தொகுப்புச் செய்கிறது, இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்று எழுதும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். தாவரக் கலத்திலும் இழைமணி உண்டு, அது பகலிலும் ஓயாமல் வேலை செய்கிறது என்பதைப் பத்து முறை சொல்வதைவிட, பகலிலேயே குளுக்கோசைச் சுவாசத்துக்குச் செலவிட்டால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம் என்ற நிலைக்கு ஒருமுறை அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது மேல்.

கல்லடியிலுள்ள பாடசாலையொன்றில் இத்தகைய முன்மாதிரி ஆட்டத்தைப் பார்க்க வாய்த்தது. மாணவியொருவரின் கையில் இரண்டு குளுக்கோசு மணிகள் எஞ்சியிருந்தன. ஒன்றை இழைமணியில் வைப்பதா, இரண்டையும் கலச்சுவருக்குக் கொடுத்துப் புள்ளி பெறுவதா என்று விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டேயிருந்தவர், கடைசியில் இரண்டையும் சுவருக்கே கொடுத்தார். அடுத்துத் திரும்பிய அட்டை இரவு. ஏ.ரீ.பி. இல்லை, குளுக்கோசும் இல்லை, இரண்டு சுற்றுக்கு அவரால் காயை அசைக்க முடியவில்லை. "பகலில் கொஞ்சத்தை மாப்பொருளாக்கி வைத்திருக்கலாமே" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். உண்மையான இலையும் அதைத்தான் செய்கிறது: பகலில் பச்சையவுருமணிக்குள்ளேயே மாப்பொருளைச் சேமித்து, இரவில் அதை உடைத்துப் பயன்படுத்துகிறது. ஆசிரியர் வாய் திறக்கவேயில்லை.

பலகைக்குப் பிறிஸ்ரல் அட்டையும், மணிகளுக்குப் புளியங்கொட்டையும் மஞ்சாடி விதையும் சோகியும் போதும். குன்றிமணியை மட்டும் தொடவேண்டாம். அழகாக இருந்தாலும் அதிலுள்ள ஏபிரின் என்ற புரதம் கடும் நஞ்சு. துளையிட்ட அல்லது கடித்த விதை சிறுவரின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கலச்சுவருக்குத் தென்னோலை ஈர்க்கைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குறுக்காக அடுக்கலாம். நுண்ணார்கள் எனப்படும் மெல்லிய செலுலோசு இழைகள் சுவரில் படைபடையாகக் கிடக்கும் விதத்தையும் அது காட்டிவிடும்.

கேள்வி: எமது ஆசிரியர் தயாரித்த விளையாட்டில் குளுக்கோசை முதலில் கொல்கி உபகரணத்துக்கு (பொருள்களைப் பொதிசெய்து அனுப்பும் புன்னங்கத்துக்கு) கொண்டுபோய், அங்கே செலுலோசாக மாற்றி, புடகம் என்னும் சிறு பையில் ஏற்றிக் கலச்சுவருக்கு அனுப்ப வேண்டும். இது சரியா? (உயர்தர மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: பாதி சரி. கலச்சுவரில் செலுலோசு மட்டும் இருப்பதில்லை. பெக்ரின், அரைச்செலுலோசு ஆகியவையும் உண்டு. அவை கொல்கி உபகரணத்தில் ஆக்கப்பட்டுப் புடகங்களில் ஏறிக் கல மென்சவ்வுக்கு வந்து வெளியே கொட்டப்படுகின்றன. செலுலோசோ அவ்வழியாக வருவதில்லை. கல மென்சவ்விலேயே பதிந்திருக்கும் செலுலோசுத் தொகுப்பு நொதியச் சிக்கல், கலத்தின் உட்புறமான குழியவுருவின் பக்கத்திலிருந்து யூ.டி.பி. குளுக்கோசை (குளுக்கோசின் செயலூக்கம் பெற்ற வடிவத்தை) பெற்று, நீண்ட சங்கிலியாகப் பின்னி, அச்சங்கிலியை நேரடியாகச் சுவரின் பக்கம் வெளித்தள்ளுகிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் கிளையின்றி நேராகத் தொடுக்கப்பட்ட சங்கிலி அது. இவ்வளவு நீண்ட மூலக்கூறைப் புடகத்தில் சுருட்டி அனுப்புவதும் எளிதன்று. அந்நொதியச் சிக்கலோ, கொல்கி உபகரணம் வழியாகத்தான் மென்சவ்வை வந்தடைகிறது என்பது இதிலுள்ள சுவையான திருப்பம்.

ஆகவே ஆசிரியரிடம் இரண்டு பாதைகளை வைக்கும்படி சொல்லுங்கள். குளுக்கோசு மணியை மென்சவ்வில் வைத்தால் ஈர்க்குத் துண்டு. கொல்கியில் வைத்தால் அடுத்த சுற்றில் பெக்ரின் பசை. இரண்டும் சேர்ந்தாலேயே சுவரின் ஒரு படை முற்றுப்பெறும் என்று விதித்தால் ஆட்டமும் விறுவிறுப்பாகும், உயர்தரப் பாடத்துக்கும் பிழை நேராது.

கேள்வி: ஒரே கலத்துக்குள் நான்கு பேர் போட்டியிட்டுப் புள்ளி சேர்ப்பது அறிவியலுக்குப் பொருந்துமா? கலத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லையே. (வாசகர், காரைதீவு)

பதில்: பொருந்தாது என்பதே நேர்மையான விடை. காய்களை வைத்து ஆடும் இவ்வகை விளையாட்டுகளில், ஒருவர் காய் வைத்த இடத்தில் அச்சுற்றில் மற்றவர் வைக்க முடியாது என்பதே முக்கிய விதி. வணிகத்துக்காக வெளிவரும் விளையாட்டுக்கு அந்த இழுபறி தேவை; இல்லாவிட்டால் வாங்குவோர் இரண்டாம் முறை பெட்டியைத் திறக்கமாட்டார்கள். வகுப்பறைக்கோ அது கட்டாயமில்லை. எங்கள் விருப்பம், நால்வரும் சேர்ந்து ஒரு கலத்தை உயிரோடு வைத்திருக்க முயலும் ஆட்டமே. ஒருவர் பச்சையவுருமணி, ஒருவர் இழைமணி, ஒருவர் புன்வெற்றிடம், ஒருவர் சுவர். எதிராளி என்று எவருமில்லை. காலநிலை அட்டைகளே எதிரி.

அவ்வட்டைகளை எங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை, எமது மாவட்டங்களின் ஆண்டுச்சுற்றே போதும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். காற்று வறண்டால் இலையிலிருந்து நீர் விரைவாக வெளியேறும். அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடும். இலைவாய் என்னும் நுண்துளையின் இருபுறமும் உள்ள காவற்கலங்கள் பொற்றாசியம் அயன்களை இழக்க, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறி, காவற்கலங்கள் தளர்ந்து இலைவாய் மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் காபனீரொட்சைட்டு உள்ளே வராது. ஆகவே கச்சான் அட்டை வந்தால் குழுவினர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: இலைவாயை மூடி அச்சுற்றில் காபனீரொட்சைட்டு மணியை விட்டுக்கொடுப்பதா, திறந்து வைத்து நீர்மணிகளை இழப்பதா? சிறுபோக நெற்பயிர் வெயிலில் எதிர்கொள்வதும் இதே தெரிவைத்தான்.

மாரி வெள்ளத்துக்கு அட்டை எழுதும்போது கவனம் தேவை. நீர் தேங்கினால் ஒட்சிசன் குறைவது வேரிலேயன்றி நாம் எடுத்துக்கொண்ட இலைக்கலத்திலன்று. வேர்க்கலத்துக்கென ஒரு சிறு பலகையைத் தனியாகச் செய்துவைத்தால், ஒட்சிசன் மணி இல்லாதபோது ஒரு குளுக்கோசிலிருந்து இரண்டே இரண்டு ஏ.ரீ.பி. மட்டும் கிடைக்கும் என்ற காற்றின்றிய சுவாசத்தை அதில் காட்டலாம். மூன்று மணிக்குப் பதில் ஒரு மணிகூடத் தேறாது. தண்ணீர் நிற்கும் வயலில் நெல் மட்டும் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது என்று எவராவது கேட்டால், தண்டிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் இடைவெளிகள் நிறைந்த இழையம் நெல்லுக்கு உண்டு என்பதை அப்போது சொல்லலாம்.

கேள்வி: புன்வெற்றிடம் என்பது வெறுமனே நீர் நிரம்பிய பை. அதற்கு ஓர் ஆட்டக்காரரை ஒதுக்குவது வீண் அல்லவா? (மாணவி, திருக்கோவில்)

பதில்: முதிர்ந்த தாவரக் கலத்தின் கனவளவில் 80 முதல் 90 சதவீதம்வரை அந்தப் 'பை' பிடித்துக்கொள்ளும். குழியவுரு முழுவதும் அதைச் சுற்றிய மெல்லிய படையாக ஒதுங்கி நிற்கிறது. புன்வெற்றிடத்தில் உப்புகளும் வெல்லங்களும் அமிலங்களும் கரைந்திருப்பதால் பிரசாரணத்தினால் (செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் மென்சவ்வினூடாக நகர்வதால்) நீர் உட்புகுகிறது. உட்புகுந்த நீர் கல மென்சவ்வைச் சுவரின் மீது அழுத்துகிறது. இந்த வீக்க அமுக்கம் சாதாரண மோட்டார்க் காரின் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப் போல் இரண்டு மூன்று மடங்காக இருப்பது வழக்கம். மரமாகாத செடி நிமிர்ந்து நிற்பது இதனால்தான். கலம் வளர்வதும் இதனால்தான்: ஒட்சின் என்ற ஓமோனின் தூண்டலால் சுவர் சற்றுத் தளர்ந்துகொடுக்க, உள்ளிருக்கும் அமுக்கம் அதை இழுத்து விரிக்கிறது. எனவே புன்வெற்றிடத்தில் போதிய நீர்மணிகள் இல்லாவிட்டால், எத்தனை ஈர்க்குத் துண்டுகள் கையிலிருந்தாலும் கலம் ஓரடியும் வளராது என்ற விதி அறிவியலுக்கு முற்றிலும் ஏற்றது.

உப்பு அட்டையும் இங்கே வருகிறது. மட்டக்களப்பு வாவியை அண்டிய வயல்களில் உவர் ஏறும்போது, மண்ணிலுள்ள கரைசல் செறிவடைந்து, வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. செறிவு மிகவும் கூடினால் கலத்திலிருந்தே நீர் வெளியேறி, மென்சவ்வு சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். இது முதலுருச் சுருக்கம். உவர் அட்டை வந்தால் இரண்டு நீர்மணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். அதே வாவிக்கரையில் நிற்கும் கண்டல் மரங்கள் எவ்வாறு சமாளிக்கின்றன என்பதற்கு ஒரு சிறப்பு அட்டை எழுத இடமுண்டு: சில இனங்கள் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன, வேறு சில இனங்கள் உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே தள்ளுகின்றன. அந்த இலையை நாவால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பகடை உருட்டும் விளையாட்டுகள் பிடிப்பதில்லை. பகடையில்லாமல் இதை ஆடலாமா? (தாய் ஒருவர், ஏறாவூர்)

பதில்: தாராளமாக ஆடலாம். மேலே சொன்ன எந்த விதிக்கும் பகடை தேவையில்லை; எதை எங்கே வைப்பது என்று சிந்தித்துத்தான் காய் நகர்கிறது. காலநிலை அட்டைகளைக் கலைத்து அடுக்குவதிலும் தயக்கம் இருந்தால், மாரி, கோடை என்ற வரிசையில் முன்கூட்டியே அடுக்கிவிடுங்கள். சிறுவர்கள் வருவதை அறிந்து திட்டமிடுவார்கள், அதுவும் நல்லதே. எட்டு வயதுப் பிள்ளைக்கு நீர், ஒளி, வெல்லம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏ.ரீ.பி. வேண்டாம்.

கேள்வி: பலகையில் கலத்தை எந்த அளவில் வரைவது? பாடநூற் படத்தில் எல்லாப் புன்னங்கங்களும் கிட்டத்தட்ட ஒரே பருமனில் இருக்கின்றனவே. (ஆசிரிய பயிலுநர், தாழங்குடா)

பதில்: பாடநூற் படத்தில் பெயர் குறிக்க இடம் வேண்டும் என்பதால் அப்படி வரைகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் பலகை பெரியது என்பதால் உண்மையான அளவுக்கு நெருங்கலாம். 50 மைக்ரோமீற்றர் நீளமான இலைக்கலத்தைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்தால் 50 சென்ரிமீற்றர் வரும். பிறிஸ்ரல் அட்டையில் தாராளமாகப் பொருந்தும். அந்த அளவில் பச்சையவுருமணி ஒன்று 5 சென்ரிமீற்றர் நீளமிருக்கும். இழைமணியின் அகலம் ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். புரதம் தொகுக்கும் இறைபோசோம் கால் மில்லிமீற்றர் புள்ளி, கூரிய பென்சிலால் குத்தினால் போதும். கல மென்சவ்வோ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைவு, அதாவது நீங்கள் வரையும் எந்தக் கோடும் அதைவிடத் தடித்ததே. மென்சவ்வை இரட்டைக் கோடாக வரையும் வழக்கத்தை இந்தப் பலகையில் விட்டுவிடலாம்.

இன்னொன்று: ஒரே ஒரு பச்சையவுருமணியை வரையாதீர்கள். வேலிக்காற் கலமொன்றில் அவை பல பத்துக் கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் வரைந்தால் காய் வைக்க இடமிராது என்பதால், சுவரோரமாகச் சிலவற்றை வரைந்து, அவற்றுள் காய் வைக்கக்கூடியவற்றுக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள்.

கேள்வி: இதை ஆடினால் பரீட்சையில் புள்ளி கூடுமா? (தந்தை, சம்மாந்துறை)

பதில்: படம் வரைந்து பெயர் குறிக்கும் வினாவுக்கு இது உதவாது, அதற்குக் கொப்பியும் பென்சிலும்தான். 'கோடைகாலத்தில் நண்பகலில் ஒளித்தொகுப்பு வீதம் ஏன் குறைகிறது' என்பது போன்ற, காரணம் கேட்கும் வினாக்களில் பயன் தெரியும், ஏனெனில் அந்தக் காரணத்தைப் பிள்ளை ஏற்கனவே மணிகளை இழந்து அறிந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் கலைந்து போகவிடாமல், நடந்ததைப் பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் வென்றவர் யார் என்பது மட்டுமே நினைவிலிருக்கும்.

பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் ஆட்டத்துக்கு அடுத்த நாளே அதையும் வெளியே எடுப்பது நல்லது. வீட்டு முற்றங்களில் அழகுக்காக வளர்க்கும், இலையின் அடிப்புறம் ஊதா நிறமான றியோ செடியின் கீழ்மேற்றோலை உரித்து, ஒரு துளி நீரில் வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். பிறகு அதன்மேல் வைத்த மெல்லிய மூடுகண்ணாடித் துண்டின் ஒரு பக்கத்தில் செறிந்த உப்புக் கரைசலைத் துளியாக விட்டு, மறுபக்கத்தில் வடிதாளால் உறிஞ்சச் செய்யுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறப் பகுதி சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். மீண்டும் நன்னீர் விட்டால், கலம் இறக்காதிருக்கும் பட்சத்தில், பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கும் உங்கள் விளையாட்டில் ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம்.